வால்யூம் குமிழும் நாலு ஓம் ஸ்பீக்கரும்

பெரியப்பாவின் வால்வு ஆம்ப்பை (பழைய காலத்துக் கண்ணாடி வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) யாங்கூன் வீட்டில் மறுபடி ஓட வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஸ்டீரியோ, பக்கத்துக்கு இரண்டு இஎல்84 வால்வு. ஓடியதே தவிர நன்றாக ஓடவில்லை. குமிழை நகக்கண் அளவு திருப்பினால் தெருவரை கேட்கும், அதற்குக் கீழே இறக்கினால் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடும். கொஞ்சம் ஏற்றினாலே குரலெல்லாம் கரகர.

ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். கோயில் விழாக்களுக்கு மைக்செட் கட்டுகிறவர். ஸ்பீக்கர் கம்பிக்கு நடுவில் ஒரு கம்பிச்சுருள் குமிழை வைத்து, "இதத் திருகிக்கங்கண்ணே" என்றார். மைக்செட்டில் 100 வோல்ட் லைன் (பாட்டை 100 வோல்ட் வரை ஏற்றி அனுப்பும் கம்பி), ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கருக்கும் தனி ட்ரான்ஸ்பார்மர், அதனால் அங்கே ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் குமிழ் வைப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் செய்துவிட்டார். சத்தம் குறைந்தது, ஆனால் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடது பக்கம்) தளர்ந்து கொழகொழவென்று ஆனது. அது போகட்டும். ஒரு நாள் குமிழின் உள்ளே தொடர்பு விட்டுப்போய், ஆம்ப்புக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தபோது ஓடிப்போய் அணைத்தேன். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பில் பாட்டைப் போட்டால் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் வால்வுப் பக்கத்தில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறும், உள்ளே பொறி தாவிச் சுருளே கருகிவிடலாம். தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள்.

அப்புறம்தான் பின்னால் ஸ்பீக்கர் மாட்டும் முனைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஓம் அளவு ஸ்பீக்கருக்கு. பொது முனை போக மூன்று முனை, எழுத்து எல்லாம் அழிந்துவிட்டது. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்து அளந்தேன். ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கிகளை வடித்துவிட்டு (300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், இதில் அவசரமே கூடாது), ட்ரான்ஸ்பார்மரின் கம்பிகளை வால்வுகளிலிருந்து கழற்றினேன். வால்வுப் பக்கத்துக்குத் தனியாக ஒரு சின்ன ட்ரான்ஸ்பார்மரிலிருந்து 6.3 வோல்ட் ஏசி கொடுத்தேன். ஸ்பீக்கர் பக்கம் 0.14, 0.20, 0.28 என்று மூன்று அளவு வந்தது. 6.3ஐ 0.14ஆல் வகுத்தால் 45. ட்ரான்ஸ்பார்மர் ஓமை இந்த விகிதத்தின் வர்க்க அளவுக்குப் பெருக்கிக் காட்டும், அதனால் அதை 45ஆல் பெருக்கினால் 2025. அதோடு 4 ஓமைப் பெருக்கினால் 8100. இரண்டு இஎல்84 புஷ்-புல்லாக (ஜோடியாக, ஒன்று தள்ள ஒன்று இழுக்க) வேலை செய்யக் கேட்பது சுமார் 8000 ஓம், ஆகவே அதுதான் 4 ஓம் முனை. மற்றவை 8, 16. இங்கே கரண்ட் ஏறி இறங்கும், 6.3 இருக்கும் என்று நம்பி வகுக்காதீர்கள், இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து அளந்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

ஸ்பீக்கரை மீட்டரில் வைத்தால் 3.3 ஓம், அதாவது 4 ஓம் ஸ்பீக்கர் (மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும்). அது இத்தனை நாளும் 16 ஓம் முனையில் மாட்டியிருந்தது! 8000 ஓம் பார்க்க வேண்டிய வால்வுகள் 2000 ஓமைப் பார்த்துத் திணறியிருக்கின்றன. கம்பியை மாற்றிப் போட்டதும் கரகரப்பு போய்விட்டது, அன்று ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

குமிழ்ப் பிரச்சினை வேறு. சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தருகிறது, அந்தக் காலத்து ஆம்ப்புக்கு முழுச் சத்தம் கொடுக்க 0.3 வோல்ட்டே போதும், பிறகு குமிழைத் திருப்ப இடம் எங்கே இருக்கும்? உள்ளே வரும் கம்பியில் வரிசையாக ஒரு 82 கிலோ ஓம், அங்கிருந்து தரைக்கு ஒரு 18 கிலோ ஓம், பக்கத்துக்கு ஒரு ஜோடி வைத்தேன். 2 வோல்ட் 0.35 ஆனது. இப்போது குமிழ் பாதி வரை போகிறது, இடமும் வலமும் சமமாகக் கேட்கிறது. சத்தத்தைக் குறைக்க வேண்டிய இடம் ஆம்ப்புக்கு முன்னால்தான்.

பெரியம்மா சமையலறையிலும் பாட்டு கேட்க வேண்டும் என்கிறார். இன்னொரு 4 ஓம் ஸ்பீக்கரை இடது பக்கத்தோடு தொடராக இணைத்து 8 ஓம் முனைக்கு மாற்றலாம். அதற்குத் தனி வால்யூம் வேண்டுமென்றால் வெறும் குமிழ் உதவாது, எவ்வளவு திருகினாலும் ஆம்ப்புக்கு அதே 4 ஓமைக் காட்டும் எல்-பேட் வேண்டும். அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.