நடைபாதைக்கு டிஸ்சார்ஜ்

மண்ணடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எதிர் நடைபாதையில் பல வருஷமாகப் படுத்துக் கிடந்தவர் தாத்தா. மீன்பாடி வண்டி ஓட்டியவர். போன வருஷம் சர்க்கரைப் புண் முற்றி, ஒரு அரசு மருத்துவமனையில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வைத்தியத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் செய்த விதம்தான் இன்னும் மனதை அறுக்கிறது.

ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு வார்டிலிருந்து போன். "உங்க ஆளை அனுப்புறோம், வந்து கூட்டிட்டுப் போங்க." கொடுக்க வேறு நம்பர் இல்லாததால் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். போய்ச் சீட்டை வாங்கிப் படித்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். இன்சுலின் காலையும் இரவும், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். காலை ஊன்றக் கூடாது, ஈரம் படக் கூடாது, உயர்த்தி வைக்க வேண்டும். இதையெல்லாம் பிளாட்பாரத்தில் எப்படிச் செய்வது?

இடம் கிடைக்கும் வரை இரண்டு நாள் வார்டிலேயே வைத்திருங்கள் என்று கேட்கலாம், மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். அப்புறம்தான் இது எனக்குத் தெரிந்தது. நீங்கள் டிஸ்சார்ஜ் அன்று காத்திருக்காதீர்கள், ஆபரேஷன் முடிந்த மறுநாளே கேளுங்கள்.

அன்று இரவு கடையிலேயே படுக்க வைத்தேன். துணி மூட்டைதான் காலுக்கு முட்டு. "எனக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.

மறுநாள் காலை பெரிய தப்பு நடந்தது. ஊசியைப் போட்டுவிட்டு அம்மா உணவகத்துக்குப் பையனை அனுப்பினேன். கூட்டம், அவன் வரத் தாமதம். தாத்தாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. டீக்கடையிலிருந்து சர்க்கரையை வாங்கிக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். அதிலிருந்து, இட்லி கைக்கு வந்த பிறகுதான் ஊசி.

இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கக் கடையில் ஃபிரிட்ஜ் கிடையாது. கட்டு மாற்ற ஆட்டோவில் கூட்டிப்போன நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா ஒரு வழி சொன்னார். பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் ஈரம் உள்ளே புகாதபடி உறையில் சுற்றிய மருந்து. வெயில் படாத மூலையில் வைத்தேன். சிரிஞ்சின் கோடு தாத்தாவின் கண்ணுக்குத் தெரியாது, அதனால் ஊசி போடும் முறையையும் எனக்கே சரியாகச் சொல்லிக் கொடுத்தார்.

வீடற்றோர் காப்பகத்துக்காக மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்குப் பேசினேன். மாநகராட்சிக் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. முதல் இடத்தில், தானாகக் கழிப்பறைக்குப் போக முடியாதவரைச் சேர்க்க முடியாது என்றார்கள். இரவில் அங்கே ஒரே ஒரு ஊழியர், அவர்கள் கஷ்டமும் புரிந்தது. வாக்கர் வாங்கி நான்கு நாள் கடைக்குள்ளேயே நடக்கப் பழக்கினேன். முதியோருக்கான வேறொரு காப்பகம் சேர்த்துக்கொண்டது. பகலிலும் அங்கேயே இருக்கலாம் என்பதை முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நகரத்தில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. காலையில் வெளியே அனுப்பிவிட்டால் அந்தக் காலோடு அவர் எங்கே போவார்?

காப்பகத்தில் சேர்ந்த பிறகு காகித வேலைகளும் நகர்ந்தன. ஆதாருக்கு முகவரி இல்லையே என்று தவித்துக்கொண்டிருந்தேன். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதாருக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். வண்டிப் பிடியில் விரல் ரேகை தேய்ந்திருந்தது. கருவிழி பதிந்துவிட்டது. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் மாத்திரை கொண்டு வருகிறார்கள். நடைபாதையில் இருந்தவரை அவர்கள் தட்டுவதற்குக் கதவே இல்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது புண் பட்டாணி அளவுக்கு ஆறியிருந்தது. வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தரையில் பிரவுன் பேப்பரை விரித்து, அவர் காலை வைத்து, தையல் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு எடுத்து வந்தேன். சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு தைக்கிறவரிடம் சனிக்கிழமை கொடுக்க வேண்டும்.