நான் பார்த்துக்கிறேன்

வெள்ளம் வடிந்த பிறகு, நான் நிர்வகிக்கும் பழைய ஆற்றங்கரை விடுதியின் வரவேற்பறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு பெயர்ந்து கிடந்தது. 10 நாளில் திறந்தாக வேண்டும் என்றேன். மேஸ்திரி அதற்குள் ஒரு மூலையில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நாள் பத்தாது சார். ஒவ்வொரு பூச்சும் காத்து குடிச்சு இறுகணும். சிமெண்ட் வச்சா சுவருக்கு மூச்சு முட்டிடும்."

"சிமெண்டே போடுங்க மேஸ்திரி. நான் பார்த்துக்கிறேன்."

அவர் பதில் சொல்லவில்லை. கரணையை வாளித் தண்ணீரில் முக்கி, ஓரத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு சிமெண்ட் எடுக்கப் போனார். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் இன்று அவர் மேல் பழியைப் போட்டிருப்பேன்.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. அப்புறம் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே, நெஞ்சு உயரத்தில் உப்பு பூத்தது. விரல் வைத்தால் செங்கல் மாவாக உதிர்ந்தது. ஆற்றங்கரை மண்ணின் ஈரத்தைப் பழைய செங்கல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். உப்பு தின்பதும் பெரும்பாலும் பூச்சைத்தான், செங்கல்லை அல்ல. சிமெண்ட் வழியை அடைத்ததும் ஈரம் மேலே ஏறிவிட்டது. வாசல் தூணில் பழைய வெள்ளங்களின் கோடுகள் இருக்கின்றன. அத்தனையையும் தாண்டி நின்ற சுவர் அது.

அன்றைக்கு எனக்கு வேறு வழி இருந்ததா? முன்பதிவு செய்தவர்கள் தினமும் போன் செய்தார்கள். மூடிக் கிடந்தால் வேலையாட்களின் கதி என்ன? இப்படிச் சொல்லிக்கொண்டால் ஒரு நாள் தூக்கம் வருகிறது. ஆனால் முதலாளி அவசரப்படுத்தவே இல்லை. தேதி குறித்தவன் நான்தான். போனில் சமாளிக்கவும் நான்தான் பயந்தேன். இருந்தும், நாளைக்கே அதே நிலை வந்தால் வேறு மாதிரி முடிவெடுப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

போன வாரம் அதே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். 'அன்னைக்கே சொன்னேனே' என்பார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை எத்தனை நாள் சார்?" என்றார்.

ஒரு மாதம் என்றேன். சுவர் காயவே அது போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.