அளக்கும் டியூபும் காட்டும் டியூபும்

நுவரெலியாவில் நான் வேலை செய்யும் பட்டறையில், தோட்டங்களின் வயர்லெஸ் கருவிகளைச் சீர்படுத்த நாங்கள் நம்பியிருப்பது 1990களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரை. ஒரு டிரான்ஸ்மிட்டர் தனக்குரிய அலைவரிசையில் மட்டும் நிற்கிறதா, பக்கத்து அலைவரிசைகளிலும் சிந்துகிறதா என்பதை அதன் பச்சைத் திரையில்தான் பார்ப்போம். அந்தத் திரை மெல்ல மங்கத் தொடங்கியது. காலையில் சுவிட்சைப் போட்டால் இருபது நிமிடம் கழிந்த பிறகே எழுத்துகள் தெரிந்தன. வெளிச்சத்தைக் கூட்டினால் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று கலந்தன.

அந்தத் திரை ஒரு பிக்சர் டியூபின் முகப்பு. டியூபின் கழுத்துக்குள் இருக்கும், எலெக்ட்ரோன்களை வெளியிடும் முனையான கத்தோட்டின்மீது பேரியம் ஒக்சைட்டு கலந்த ஒரு பூச்சு உண்டு. சூடேறும்போது அதிலிருந்து எலெக்ட்ரோன்கள் புறப்பட்டு முன் கண்ணாடியின் உட்புறப் பூச்சில் மோதுவதால்தான் ஒளி பிறக்கிறது. முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் எரிந்த கத்தோட்டில் அந்தச் சக்தி தேய்ந்துபோயிருந்தது. சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட்டுக்குப் பதிலாக 7 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். திரியைத் தூண்டிய விளக்குப்போல் சில மாதங்கள் பிரகாசித்துவிட்டு, முன்னிலும் மோசமாக மங்கியது.

எங்கள் ஊரில் இந்த டியூப்களுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்தால் உயர் மின்னழுத்தம் அதனூடே தாவுவது எளிதாகிறது. டியூபின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பிக்கு அடியில் பல்லாயிரம் வோல்ட் நிற்கும். அதன்மேல் படிந்த தூசியைப் பனிமூட்டம் நனைத்துவிட்டால், காலை வேளையில் சீறும் சத்தத்தோடு நீல ஒளி கசியும். பிதுருதலாகலை உச்சியில் நிறுவப்பட்ட ஒளிபரப்பு நிலையத்தோடு 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலிருந்தே தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திருத்திவந்த எங்கள் மூத்த பாஸ், மழைக்காலத்தில் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் முதல் வேலையாக அந்தத் தொப்பியைக் கழற்றி ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்வார். அதற்கும் முன்னதாக, தரையோடு இணைத்த கம்பியால் டியூபில் மிஞ்சியுள்ள மின்னேற்றத்தை இருமுறை இறக்கவேண்டும். ஒருமுறை இறக்கியதும் தீர்ந்துவிட்டதென்று நம்பக்கூடாது. சற்று நேரத்தில் அது மீண்டும் ஊறிவரும்.

டியூபை எடுத்துவிட்டு எல்.சி.டி. திரை பொருத்தலாமா என்பதில் எனக்கு நீண்ட நாள் தயக்கம் இருந்தது. மின் அலைகளைக் கோடாக வரைந்துகாட்டும் பழைய ஒசிலோஸ்கோப்பில் பழகியவன் நான். அங்கே உள்ளே வரும் மின்னழுத்தமே பெருக்கப்பட்டு எலெக்ட்ரோன் கற்றையை மேலும் கீழும் வளைக்கிறது. கற்றை விரைந்து கடக்கும் இடம் மங்கலாகவும், தங்கிச் செல்லும் இடம் பிரகாசமாகவும் தெரிவதால், ஒளியின் அளவே ஒரு செய்தியாகிறது. டியூப்தான் அங்கே அளவுகோல். அனலைசரைத் திறந்து மின்சுற்று வரைபடத்தை ஆராய்ந்த பிறகே, இதில் நிலைமை வேறு என்று உறுதியானது. இதன் கணிப்பெல்லாம் முன்பே எண்களாக மாறி நினைவகத்தில் ஏறிவிடுகிறது. பிறகு தொலைக்காட்சிப் படம்போல் வரிவரியாகத் திரைக்கு அனுப்பப்படுகிறது. டியூப் இங்கே காட்டும் வேலையை மட்டுமே செய்கிறது. ஆகவே அதை மாற்றினால் அளவு ஒரு துளியும் மாறாது என்று நம்பி வேலையைத் தொடங்கினேன்.

டியூபின் சுற்றுப்பலகைக்குச் சென்ற கம்பிகளை அந்தப் பழைய ஒசிலோஸ்கோப்பிலேயே பார்த்தேன். 5 வோல்ட் அளவில் படம், தனித்தனியே கிடை, நிலை ஒத்திசைவுத் துடிப்புகள் (ஒவ்வொரு வரியும் படமும் எப்போது தொடங்கவேண்டும் என்று சொல்பவை). ஒரு வரிக்கு 40 மைக்ரோசெக்கன், அதாவது 25 கிலோஹேர்ட்ஸ். சாதாரணக் கணினித் திரைகள் பெரும்பாலும் சுமார் 30 கிலோஹேர்ட்ஸுக்குக் குறைந்தால் ஏற்பதில்லை. எனவே பழைய விளையாட்டு இயந்திரங்களுக்கென விற்கப்படும் மாற்றிப் பலகை ஒன்றை வாங்கி இடையில் வைத்தேன். அதன் உள்வாயிலின் (சைகை நுழையும் இடத்தின்) மின்தடை 75 ஓம் என்பதால், 470 ஓம் தடை ஒன்றைத் தொடராக வைத்ததும் 5 வோல்ட் சுமார் 0.7 வோல்ட்டாக இறங்கியது. எழுத்துகளின் ஓரம் நடுங்கியதைச் சரிசெய்ய, பலகை படத்தை மாதிரியெடுக்கும் கணத்தை, அதாவது கட்ட நிலையை, படிப்படியாக நகர்த்தியபடி ஒரு மாலை முழுவதும் அமர்ந்திருந்தேன்.

அடுத்த நாள் அனலைசரின் உள்வாயிலை எந்தச் சைகையும் நுழையாதபடி 50 ஓம் தடையால் மூடிவிட்டுப் பார்த்தபோது, வெறுமையாக இருக்கவேண்டிய அடித்தளத்தில் சீப்பின் பற்களைப்போல் சம இடைவெளியில் சிறு முனைகள் நின்றன. திரையே அளவைக் கெடுக்கிறதோ என்று சந்தேகித்தேன். ஆனால் திரையை அணைத்துப் பார்க்க வழியில்லை. பார்ப்பதே அந்தத் திரையில்தான். மங்கிய டியூபைத் திரும்பப் பொருத்தி இருட்டறையில் பார்த்தேன். முனைகள் இல்லை. மாற்றிப் பலகையில், மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் இரைச்சலே அவை. இத்தகைய இரைச்சலைத் தடுக்கவே டியூபைச் சுற்றியிருந்த உலோகக் கவசத்தையும், முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நுண்ணிய உலோக வலையையும் தேவையற்றவை என்று நான் ஒதுக்கிவைத்தது தவறு. அளவு மாறாது என்று நான் நினைத்ததில் இந்தக் கணக்கு சேரவில்லை. வலையை மீண்டும் பொருத்தி, பலகையைச் செப்புத் தகட்டால் மூடித் தரையிணைத்து, ஸ்விட்சிங் ரெகுலேட்டருக்குப் பதிலாக அப்படி வெட்டாமல் 5 வோல்ட் தரும் 7805 என்ற சில்லைச் சட்டகத்தோடு இறுக்கி, கம்பிகளில் இரைச்சலை அடக்கும் பெரைட் வளையங்களைக் கோத்தேன். பற்கள் ஒவ்வொன்றாக அடித்தளத்துக்குள் அமிழ்ந்தன.

கருவியைப் பார்த்த பாஸ் மகிழ்ந்து, "தம்பி, இந்த ஒசிலோஸ்கோப்புக்கும் இதையே செய்துவிடுங்களேன்" என்றார். அதற்கு மட்டும் மாட்டேன் என்று காரணத்தோடு சொன்னேன். அதன் டியூப் இன்னும் நன்றாகவே எரிகிறது. ஈரம் படாமல் உறையிட்டு வைக்கிறேன். வேலையில்லாத நேரத்தில் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறேன். அதே வகையில் இன்னொரு டியூப் எங்கேனும் பழுதான கருவிக்குள் கிடக்கிறதா என்று கண்டியிலும் பதுளையிலும் விசாரித்து வருகிறேன்.