எட்டுக் காற்றுத் துளைகள், ஐந்து வார மீட்டிங்

கோவையில் டேபிள்டாப் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். புது இரண்டு லிட்டர் மாடலுக்கு மோட்டார், டிரம், பெல்ட் எல்லாம் பத்து நாளில் முடிவாகிவிட்டன. ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாடியில் காற்றுத் துளை வைப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் ஐந்து வாரம் போனது.

மோட்டார் டீமுக்குத் துளை வேண்டும். மூடிய பாடிக்குள் உளுந்தும் அரிசியும் அடுத்தடுத்து அரைத்தால் மோட்டாரின் கம்பிச் சுற்றான வைண்டிங்கின் சூடு 120 டிகிரியைத் தொட்டது. அதன் பி கிளாஸ் இன்சுலேஷன் தாங்கும் எல்லையே 130தான். சர்வீஸ் டீமுக்குத் துளை என்றாலே ஆகாது. திரும்பி வந்த பழைய மாடல் ஒன்றை மேஜைமேல் கழற்றிக் காட்டினார்கள். துளை வழியே இறங்கிய மாவு, மோட்டார்மேல் சுண்ணாம்பு பூசியதுபோலக் காய்ந்து கிடந்தது. இன்னும் அதிகச் சூடு தாங்கும் எஃப் கிளாஸுக்கு மாறலாம் என்றால் பர்ச்சேஸ்காரர்கள் விலையைச் சொல்லி வாயை அடைத்தார்கள்.

எல்லோர் சொல்வதும் உண்மை. அதுதான் சிக்கல். எவர் குரல் ஓங்குகிறதோ அந்த வாரம் அவர் பக்கம். அடுத்த வாரம் திரும்ப முதலிலிருந்து. மினிட்ஸில் "விவாதிக்கப்பட்டது" என்று ஐந்து முறை எழுதியவன் நான்தான்.

ஆறாவது மீட்டிங்குக்கு பாடிக்கான இரும்பு அச்சைச் செய்யும் டூல்ரூம் அண்ணனை அழைத்துப் போனேன். அதுவரை அவரை யாரும் கூப்பிட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "துளை இல்லாம அச்சு பண்ணிட்டு அப்புறம் வேணும்னா, வெல்டு வெச்சு இரும்பை ஏத்தோணுங்க. துளையோட பண்ணிட்டு வேண்டாம்னா, நிக்கற இரும்பை அரைச்சு எடுத்தாப் போதும். ஒரு நாள் வேலை."

பாடியில் துளை விழும் இடத்தில் அச்சில் இரும்பு நிற்கும்; அதை எடுப்பது சுலபம், ஏற்றுவதுதான் கஷ்டம். அப்புறம் பேச்சே வேறு. எட்டுத் துளையோடு அச்சு செய்வது. டிரையல் பீஸில் சூடு மிஞ்சினால் மோட்டார் டீம் சொல்வது முடிவு, உள்ளே ஈரம் போனால் சர்வீஸ் டீம் சொல்வது முடிவு. ஒரே தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

வீட்டு மின்சாதனப் பாதுகாப்புக்கான ஐஎஸ் 302 டெஸ்ட்டில் ஊற்றும் தண்ணீரில் சுமார் 1 சதவீதம் உப்பு இருக்கும். அது போதாது என்று சர்வீஸ் மேனேஜர் வீட்டிலிருந்து இட்லி மாவே கொண்டுவந்தார். உப்புத் தண்ணீரில் தேறிய கிரைண்டர் மாவில் தோற்றது. டிரம்முக்கு நேர் கீழே இருந்த இரண்டு துளைகள் வழியாக இறங்கிவிட்டது. அச்சில் அந்த இரும்பை அரைத்து எடுத்து அவை இரண்டையும் அடைத்தோம். மீதி ஆறு துளையில் சூடு 108 டிகிரியோடு நின்றது.

ஒரு நாள் வேலை ஒன்றரை நாள் ஆனது. ஏன் என்று கேட்டேன். டிராயிங் லேட்டாக வந்ததாம். டிராயிங் என்னுடையது.