அப்பாயி சொன்ன குளம்: விக்கிப்பீடியாவில் எழுத வருகிறவர்களுக்கு

"இக்குளம் முதலாம் இராசராச சோழனால் வெட்டப்பட்டது." தமிழ் விக்கிப்பீடியாவில் நான் எழுதிய முதல் வரி இது. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள எங்கள் ஊரைப் பற்றி யாரோ நான்கு வரியில் ஒரு குறுங்கட்டுரை தொடங்கி வைத்திருந்தார்கள். 'தொகு' என்பதை அழுத்தினேன், எழுதினேன், சேமித்தேன். யாரும் தடுக்கவில்லை. அப்பாயி மடியில் படுத்துக் கேட்ட கதை ஊர் உலகமெல்லாம் படிக்கும் பக்கத்தில் ஏறிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அன்று இரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்த வரியின் ஓரத்தில் 'சான்று தேவை' என்ற குறி முளைத்தது. பிற பயனர்கள் எனக்கு எழுதும் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு பயனர், "வணக்கம். குளத்தை வெட்டியவர் பற்றிய தகவல் எந்த நூலில் உள்ளது என்று தர முடியுமா?" என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று பதில் எழுதினேன். அவர் பொறுமையாக மீண்டும் எழுதினார்: ஊர் மக்கள் அப்படி நம்புகிறார்கள் என்பது வேறு, அப்படி நடந்தது என்பது வேறு, நடந்தது என்று எழுதினால், படிக்கிறவர் போய்ச் சரிபார்த்துக்கொள்ள ஓர் இடம் காட்ட வேண்டும்.

அந்த விடுமுறை முழுவதும் தேடினேன். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைப் புரட்டினேன். 1906-இல் வெளிவந்த தஞ்சாவூர் மாவட்டக் கெசட்டியர் என்ற அரசு விவரநூலை வரி வரியாகப் பார்த்தேன். எங்கள் குளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பாயி பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அதை வரலாறு என்று கலைக்களஞ்சியத்தில் எழுத என் கையில் ஒன்றும் இல்லை. வரியை நானே நீக்கினேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் ஊருக்கு உள்ள எண்ணிக்கையைச் சான்றோடு சேர்த்தேன். அங்கே நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

இப்போது பயிலரங்குகளுக்கு வருகிறவர்களிடம், மடிக்கணினியைத் திறக்கும் முன் ஒரு புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறேன். தமிழில் சான்று கிடைக்காது என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஒரு நாள் செலவிட்டுவிட்டு அதைச் சொல்லட்டும். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் என்ற இணையத்தளம் இருக்கிறது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் இருக்கின்றன. அதில் உள்ள புள்ளிவிவரங்கள் பழையவை, அவற்றை அப்படியே எடுக்கக் கூடாது. ஆனால் ஒரு பொருளைத் தமிழில் எப்படிச் சுருங்கச் சொல்வது என்று கற்க அதைவிட நல்ல ஆசிரியர் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு வரிக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ரொட்டி வாட்டும் மின்கருவியின் கதை. 2012-இல் பிரிட்டனில் ஒரு மாணவர், அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் என்று தம் நண்பரின் பெயரை ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டாக எழுதினார். பிறகு ஒரு முழு வாழ்க்கை வரலாறே எழுந்தது, பழைய காலத்துப் படம் போலத் தோன்றும்படி திருத்திய ஒரு படத்தோடு. செய்தித்தாள்களும் புத்தகங்களும் அதை எடுத்து எழுதின. அவற்றையே பின்னால் வந்தவர்கள் சான்றாகக் கொண்டார்கள். 2022-இல் அந்தப் படத்தில் ஏதோ சரியில்லை என்று ஐயப்பட்ட 15 வயதுப் பள்ளி மாணவர் ஒருவரால்தான் உண்மை வெளிவந்தது. பத்து ஆண்டுகள்! அதனால் எந்த இணையத்தளத்தையும் சான்றாகக் கொடுக்கும் முன், அது விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்து எழுதியதா என்று பாருங்கள். சொற்கள் அச்சு அசலாக ஒத்துப்போனால் அதை விட்டுவிடுங்கள்.

தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கணக்கைத் தொடங்குங்கள், மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள், சேமிக்கும் முன் முன்தோற்றம் பாருங்கள். என்ன மாற்றினீர்கள் என்று குறிக்கும் தொகுப்புச் சுருக்கத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். 'எழுத்துப் பிழை திருத்தம்', 'பிறந்த ஆண்டுக்குச் சான்று சேர்ப்பு' என்ற இரண்டு மூன்று சொற்கள் போதும். அண்மைய மாற்றங்களைக் கண்காணிக்கிறவர்கள் எல்லாரும் பகல் வேலை முடித்துவந்து ஊதியமின்றி உழைக்கிறவர்கள். அந்தச் சொற்கள் அவர்களுடைய நேரத்தை மிச்சப்படுத்தும். முதல் மாதம் புதுக் கட்டுரை வேண்டாம் என்பது என் கருத்து. இருக்கும் கட்டுரைகளில் சான்று இல்லாத வரிகளுக்குச் சான்று தேடுங்கள். அது உங்களுக்கு எழுதவும் கற்றுத்தரும்.

செய்தித்தாளில் வந்ததை வெட்டி ஒட்டுவது காப்புரிமை மீறல். பெயரைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆகாது. தகவலை எடுத்துக்கொண்டு உங்கள் சொற்களில் எழுத வேண்டும். தேடுபொறியில் கிடைக்கும் படங்களுக்கும் இதே கதைதான். நீங்களே எடுத்த படத்தை, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். ஏற்றும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கட்டற்ற உரிமத்தில் விட்ட படத்தை யாரும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம், கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது.

மொழிபெயர்ப்பைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது. பொறி தரும் தமிழை அப்படியே ஏற்றுகிறவர்கள் கூடிவருகிறார்கள். எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை நான்கு வரி தள்ளியும் கிடக்கும் அந்த உரையைத் திருத்துவதைவிட அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது எளிது. ஆங்கிலப் பத்தியைப் படியுங்கள், மூடி வையுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதுங்கள்; பிறகு திறந்து, எண்களும் பெயர்களும் சரிதானா என்று ஒப்பிடுங்கள். எந்தக் கட்டுரையிலிருந்து பெயர்த்தீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் குறிப்பிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் சான்று கேட்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். இல்லாத நூலுக்கு ஆசிரியரும் பக்க எண்ணும் தரக்கூடியவை அவை. நீங்கள் கண்ணால் பார்க்காத பக்கத்தைச் சான்றாக எழுதாதீர்கள்.

'ஓகஸ்ட்' என்று கண்டதும் 'ஆகஸ்ட்' என்று மாற்றக் கை துடிக்கும். மாற்றாதீர்கள். யாழ்ப்பாணத்தில் எழுதுகிறவருக்கு அது பிழையல்ல, அவர் பள்ளியில் கற்ற எழுத்து. கிரந்த எழுத்துகள் குறித்தும் தமிழ் விக்கிப்பீடியாவில் நீண்ட காலமாகப் பேச்சு நடக்கிறது. தலைப்பு வேறு எழுத்தில் வேண்டுமென்றால், அப்படித் தேடுகிறவரை இதே கட்டுரைக்குக் கொண்டுவரும் ஒரு வழிமாற்று போதும். தலைவர்களின் பட்டப்பெயர்களும் அப்படித்தான். 'மு. கருணாநிதி' என்று தலைப்பிருப்பது மரியாதைக் குறைவு ஆகாது. எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து எழுதும் முறை அது.

உங்கள் தொகுப்பை யாரேனும் மீளமைத்தால், அதாவது நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுபோனால், உடனே திருப்பிப் போடாதீர்கள். மாற்றங்கள் எல்லாம் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள், நான்கு அலைக்குறி (~~~~) இட்டுக் கையெழுத்திடுங்கள். பொதுவான ஐயங்களுக்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது, ஊர்ப் பொதுப்பேச்சுக்கு ஆலமரத்தடி என்ற பக்கம். உங்களைப் பற்றியோ நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தைப் பற்றியோ நீங்களே எழுத வேண்டாம். பிழை கண்டால் பேச்சுப் பக்கத்தில் சான்றோடு சுட்டிக்காட்டுங்கள், வேறொருவர் திருத்துவார்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கோயிலில் குடமுழுக்கு நடந்தது. விழா மலரின் மூன்றாம் பக்கத்தில், "இக்குளம் முதலாம் இராசராச சோழனால் வெட்டப்பட்டது" என்று இருந்தது. எங்கள் ஊரில் யாரும் 'முதலாம்' என்று சொல்லிக் கேட்டதில்லை. ராஜராஜன் வெட்டின குளம் என்பார்கள். அது என் வரி. அந்த எட்டு மாதங்களுக்குள் யாரோ எடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரமே ஒரு புதுப் பயனர், விழா மலரைச் சான்றாகக் காட்டி அந்த வரியைக் கட்டுரையில் மீண்டும் சேர்த்திருந்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நூல் காட்டச் சொன்னோம், காட்டினார்.

பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: "வணக்கம். மலரில் உள்ள வரியை முதலில் எழுதியவன் நான். அதற்கு என்னிடம் சான்று இருக்கவில்லை. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் நான் அதைச் சேர்த்த நாளும் நீக்கிய நாளும் இருக்கின்றன, பாருங்கள்." கையெழுத்திட்டேன். அவர் பார்த்துவிட்டுத் தாமே வரியை எடுத்துவிட்டார். மறுநாள் காலை வெயிலில் எடுத்த ஒரு படத்தைப் பொதுவகத்தில் ஏற்றியிருந்தார். கட்டுரையில் குளத்தைப் பற்றி இப்போது இருப்பது அந்தப் படமும், 'ஊரின் வடக்கே உள்ள குளம்' என்று அதன் கீழே அவர் எழுதிய விளக்கமும்தான்.