கல்யாண வீட்டு அதிகாரம்

ஊரில், வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் கல்யாணத்துக்குரியது. "இவள் என் எலும்பில் எலும்பும், என் மாம்சத்தில் மாம்சமுமாய் இருக்கிறாள்" என்று ஏவாளைப் பார்த்து ஆதாம் சொன்னதைப் போதகர் வாசிப்பார், மாப்பிள்ளை வெட்கத்தோடு குனிவார், பிறகு எல்லாரும் பந்திக்குப் போய்விடுவோம். 1814 இல் யாழ்ப்பாணத்துக்கு மெதடிஸ்த மிஷனரிமார் கொண்டுவந்த சபையில் வளர்ந்தவள் நான். அந்த வசனத்துக்கு யாரும் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை.

2019 இல் லண்டன் வந்தேன். முதல் வருஷம் குளிருக்கும் பஸ் நம்பர்களுக்கும் பழகுவதிலேயே போய்விட்டது. பக்கத்து மெதடிஸ்த ஆலயத்தில் கானாக்காரர், வெள்ளைக்காரர், நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். 2021 ஜூன் 30 அன்று பிரித்தானிய மெதடிஸ்த மாநாடு, 254க்கு 46 என்ற வாக்கில், சமபாலினத் திருமணத்துக்கு வழிவிட்டது. கட்டாயமில்லை. மனச்சாட்சி இடம் கொடுக்காத போதகர் விலகி நிற்கலாம், ஒவ்வொரு ஆலயமும் தானே முடிவெடுக்கலாம். அதனால் எங்கள் மண்டபத்திலும் ஒரு புதன் இரவு, தேநீரும் பிஸ்கட்டும் வைத்து வேதத்தைத் திறந்தார்கள்.

கானா அன்ரி முதலாம் அதிகாரத்தில் தொடங்கினார்: "ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்." மத்தேயு சுவிசேஷம் 19 இல் விவாகரத்தைப் பற்றிக் கேட்டபோது இயேசுவே இதையும் இரண்டாம் அதிகாரத்து "ஒரே மாம்சம்" வசனத்தையும் சேர்த்துத்தான் பதில் சொன்னார், இது இடையில் வந்த வழக்கமில்லை, அத்திவாரம் என்றார்.

ஓய்வுபெற்ற ஆங்கிலேய ரீச்சர் ஒருவர் இரண்டாம் அதிகாரத்தில் தொடங்கினார். எல்லாவற்றையும் நல்லதென்று கண்ட தேவன் முதன்முதல் "நல்லதல்ல" என்று சொன்னது தனிமையை. பிறகு 29ஆம் அதிகாரத்தைப் புரட்டினார். அங்கே லாபான் யாக்கோபிடம், "நீ என் எலும்பும் என் மாம்சமுமானவன்" என்கிறான். அப்படியென்றால் எலும்பும் மாம்சமும் என்பது உடம்புப் பொருத்தத்தின் பேச்சில்லை, உறவு கொண்டாடும் பேச்சு என்பது அவருடைய வாதம்.

லாபான் யாக்கோபுக்குத் தாய்மாமன். யாக்கோபு கட்டியதும் மாமன் மகள்மாரை. "எங்கட ஊரிலும் மாமன் மகள் முறைப்பெண்தான்" என்றேன். மண்டபம் ஒரு நிமிஷம் திகைத்தது.

அன்ரி விடவில்லை. உறவுதான், சரி, ஆனால் ஆதாம் சொன்னதற்கு அடுத்த வசனமே "தன் மனைவியோடே இசைந்திருப்பான்" என்றுதானே சொல்கிறது? அதற்கு ரீச்சரிடம் உடனே பதில் இருக்கவில்லை. சமபாலினத் திருமணத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் வேதத்தை மூடிவிட்டுப் பேசுகிறார்கள் என்றுதான் ஊரில் நினைத்திருந்தேன். ரீச்சருடைய வேதத்தில் என்னுடையதை விடக் கோடுகள் அதிகம். நான் அன்றைக்கு எந்தப் பக்கமும் கை உயர்த்தவில்லை, அது கோழைத்தனமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

இரவு அம்மா வட்ஸ்அப்பில் வந்தா. "என்ன பாடம் இண்டைக்கு?"

"ஆதியாகமம் ரெண்டு அம்மா."

"ஆருக்குக் கல்யாணம்?"