சீட்டுக்குப் பின்னால் ஈரம்: பழைய மியாட்டாவோடு ஆறு வாரம்

மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் காருக்குள் அந்த வாடை போகவில்லை. நனைந்த சாக்கு வாடை. சீட்டை முன்னால் தள்ளிவிட்டு, பின்பக்கக் கார்ப்பெட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விரல் இடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது. மேலே தொட்டால் லேசான ஈரம்தான். அடியில் இருக்கும் பஞ்சுதான் முழுக்கக் குடித்து வைத்திருக்கிறது.

கார் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1992 மாடல், 1.6 லிட்டர் எஞ்சின். மியாட்டா என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று தெரியும். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தது. என்னுடையது ஹெட்லைட் மேலே எழும்பும் முதல் தலைமுறை. எடை ஒரு டன்னைச் சுற்றித்தான், ஓட்டம் பின் சக்கரத்தில், பானெட்டைத் திறந்தால் பல இடத்தில் கை நுழையும். வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைவிடத் தோதான ஸ்போர்ட்ஸ் காரை நான் பார்த்ததில்லை.

துணி டாப் வைத்த காரில் ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரை மொத்தமாக வெளியிலேயே நிறுத்துகிற வண்டி இல்லை இது. கொஞ்சம் உள்ளே வாங்கி, வழி காட்டி, திரும்ப வெளியே அனுப்புகிற வண்டி. டாப்பின் பின் விளிம்பு பாடியோடு சேரும் இடத்தில், உள்பக்கமாக, வாய்க்கால் மாதிரி ஒரு பட்டை ஓடும். ரெயின் ரெயில் என்பார்கள். டாப்பில் வழியும் மழை அதில் விழுந்து, இரண்டு ஓரமும் போய், சீட் பெல்ட் தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் துளை வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழும். அந்த வழி அடைத்தால் தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்கிறது. நனைந்த இடம் ஒன்று, ஒழுகும் இடம் வேறு. இந்த ஆறு வார வேலையில் என்னைத் திரும்பத் திரும்ப அலைக்கழித்தது இதுதான்.

முதல் வாரம்

சீட் இரண்டையும் வெளியே எடுத்தேன். ஒரு சீட்டுக்கு நான்கு போல்ட், 14 மி.மீ. தலை. தலையணைப் பகுதியில் ஸ்பீக்கர் இருக்கும் சீட் என்றால் அடியில் ஒயர் கனெக்டர் இருக்கும். அதைக் கழற்றாமல் தூக்கினால் பிய்ந்துவிடும். கார்ப்பெட்டையும் பஞ்சையும் கழற்றிக் கொடியில் போட்டேன். பஞ்சு காய ஐந்து நாள் ஆனது. கார்ப்பெட்டை மட்டும் காரோடு வைத்து மின்விசிறி போட்டுக் காயவைக்கலாம் என்று போன வருடம் செய்து பார்த்தேன். மேலே காய்ந்தது, அடியில் அப்படியே இருந்தது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

நல்ல வேளை, தரைத் தகட்டில் பெயின்ட் அப்படியே இருந்தது. இடது மூலையில் மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் துரு.

இரண்டாம் வாரம்

கதவுக் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர்தான் காரணம் என்று முடிவே கட்டியிருந்தேன். பார்த்தாலே வெடித்துக் கிடந்தது. புது ரப்பருக்குச் சொல்லியும்விட்டேன். சோதித்துப் பார்க்காமல் சாமான் வாங்கியது தவறு. ரப்பர் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், ஆனால் இந்தத் தண்ணீருக்கு அது காரணமில்லை.

சோதனைக்கு வேண்டியவை ஒரு பூவாளி, ஒரு டார்ச், ஒரு டப்பா முகப்பவுடர், உள்ளே சுருண்டு உட்கார ஒரு ஆள். காய்ந்த தரைத் தகடு முழுக்கப் பவுடரைத் தூவினேன். தம்பி மகன் ஒல்லி, சீட் இல்லாத இடத்தில் டார்ச்சோடு நன்றாகவே அடங்கிவிட்டான். நான் வெளியில் நின்று கீழிருந்து மேலாக ஊற்றினேன். முதலில் கதவின் கீழ்ப்பகுதி, ஐந்து நிமிடம். பிறகு கதவுக் கண்ணாடி ஓரம், ஐந்து நிமிடம். அதற்கப்புறம்தான் டாப். மேலே முதலில் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஹோஸை வைத்துப் பீய்ச்சினாலும் அதே கதைதான்.

கண்ணாடி ஓரத்தில் ஊற்றியபோது ஒன்றும் இல்லை. பின் கண்ணாடியின் இடது மூலைக்குப் போனேன்.

"பெரியப்பா, நிறுத்துங்க, நிறுத்துங்க. பெல்ட் தூணுக்கு அடியில இருந்து வருது."

"சொட்டா, ஓட்டமா?"

"மொதல்ல சொட்டு, இப்ப ஓடுது. பவுடர்ல கோடு போட்ட மாதிரி நேரா சீட் இடத்துக்குப் போகுது, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கோடு. தூணில் தொடங்கி, தகட்டின் மேட்டைச் சுற்றிக்கொண்டு, துரு இருந்த அதே மூலையில் போய்த் தேங்கி நின்றது. போன வருடம் பூராவும் நான் தேடிய பாதை அது.

துளையை டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பாக எதுவோ நிறைந்து நின்றது. குத்துவதற்கு இரும்புக் கம்பியை எடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் குழாய் பிளாஸ்டிக், வயதும் ஆகிவிட்டது, கம்பி முனை சுலபமாகக் கிழித்துவிடும். புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் தடித்த நைலான் நரம்பை எடுத்து, முனையை லைட்டரில் காட்டி மொழுக்கென்று உருண்டையாக்கிக்கொண்டேன். ஒரு சாண் இறங்கியதும் மெத்தென்று தடுத்தது. அழுத்தாமல், விரல்களுக்கு நடுவே உருட்டி உருட்டி விட்டேன். கால் மணி நேரம் அசையவில்லை. பிறகு திடீரென்று நரம்பு கையிலிருந்து வழுக்கி உள்ளே போனது, காருக்கு அடியில் குபுக் என்று ஒரு சத்தம். இலை மக்கிய தூள், கறுப்புச் சேறு, நடுவில் டாப்பின் பழைய நூல் ஒரு சுருணை. அந்த நூலில்தான் மற்றதெல்லாம் சிக்கி அடைத்திருக்கிறது.

இரண்டு பக்கமும் அரை லிட்டர் ஊற்றி ஒப்பிட்டேன். வலது பக்கம் மூச்சு விடாமல் குடித்தது. இடது பக்கம் முதலில் தயங்கியது. இன்னும் இரண்டு முறை நரம்பு விட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றியதும் சமமானது. கம்ப்ரஸர் காற்றை மேலிருந்து அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். குழாயின் இணைப்பு உள்ளே கழன்றுவிட்டால் தண்ணீர் நேராகக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் இறங்கும். அதற்குப் பேர் சில். இந்தக் கார்கள் சாவது அங்கேதான்.

மூன்றாம் வாரம்

சில்லைத் தட்டிப் பார்த்தேன். முன்சக்கரத்துப் பக்கமிருந்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் அரை அடிக்கு ஒரு தட்டு. டங், டங் என்று வந்துகொண்டே இருந்தது. இடது பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் மாறியது. தொப் என்று இல்லை, ஆனால் கொஞ்சம் மங்கல். நெஞ்சு அடித்துக்கொண்டது.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன். ஜாக்கை மட்டும் நம்பி நான் அடியில் போவதில்லை, ஒரு நிமிட வேலைக்குக்கூட. சில்லின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துளைகள் மண்ணில் அடைத்துக் கிடந்தன. குத்தியதும் துருத் தண்ணீர் ஒழுகியது. உள்ளே செல்போனோடு சேரும் குழல் கேமராவை விட்டுப் பார்த்தேன். மேல் துருதான். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தியும் தகடு அமுங்கவில்லை. அமுங்கியிருந்தால் பூச்சு மருந்தெல்லாம் வீண், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்வது ஒன்றே வழி.

நன்றாகக் காய்ந்ததும், டானிக் அமிலம் கலந்த துரு மாற்றியை உள்ளே அடித்தேன். சிவப்பு மெல்ல மெல்லக் கருநீலமாக மாறுவதைக் கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் நீளக் குழல் வைத்த கேவிட்டி வாக்ஸ், துருப் பிடிக்காமல் உள்ளே பூசும் மெழுகு. அதை அடித்தபின் வடிதுளைகளைத் திரும்பக் குத்தித் திறந்து விட வேண்டும். மறந்தால் மெழுகே அடைப்பாகிவிடும்.

நான்காம் வாரம்

கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே கண்ணில் பட்டது இது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் சொட்டு. அந்த இடத்தில் ஆயிலைப் பார்த்ததும் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். நான் பழகிய பாடம் பவுடர்ப் பாடம் என்பதால் மேலிருந்து தேடினேன்.

இந்த எஞ்சினில், கேம் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் கேம் ஆங்கிள் சென்சர், எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், கேபின் சுவரை ஒட்டி இருக்கிறது. அதற்கு ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் ஒன்று, ஓ-ரிங். முப்பது வருடச் சூட்டில் அது இறுகிப் போனால் ஆயில் ஹெட்டின் பின்புறமாக வழிந்து, பெல் ஹவுசிங்கில் இறங்கி, அடியில் சொட்டும். சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தேன். சென்சருக்கு மேலே உலர்ந்த தூசி, கீழே பளபளவென்று ஈரம். சரி, இதுதான்.

பிடித்திருப்பது 12 மி.மீ. போல்ட் ஒன்றுதான், ஆனால் கை போக இடம் இல்லை. கழற்றுவதற்கு முன்னால் சென்சரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும். சென்சரைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, வைக்கிறார்கள், கோடு இல்லாமல் கழற்றினால் டைமிங் போச்சு. பழைய ஓ-ரிங்கை ஊசி முனையால் நெம்பினேன். ரப்பராக வரவில்லை, வளையல் மாதிரி இரண்டாக உடைந்து வந்தது. வெளி ஓரம் தட்டையாகவே ஆகியிருந்தது. புதியதை எஞ்சின் ஆயிலில் தோய்த்துப் போட்டேன்.

கோட்டில் கோடு சேர்த்து வைத்தாலும் டைமிங் லைட் போட்டுப் பார்ப்பது நல்லது. எஞ்சின் சூடான பிறகு பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாசிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்தால் அடிப்படை டைமிங் தெரியும். 10 டிகிரி இருக்க வேண்டும். எனக்கு 9 பக்கம் நின்றது, மயிரிழை திருப்பியதும் 10-இல் உட்கார்ந்தது. பெல் ஹவுசிங்கைத் துடைத்து வைத்தேன். இரண்டு வாரம் கழித்தும் சுத்தமாக இருக்கிறது.

ஐந்தாம் வாரம்

கிளட்ச் பெடல் கொஞ்ச நாளாகத் தொய்ந்திருந்தது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசும். கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கியதும் கறுப்புத் திரவம் ஒழுகியது. முதல் தலைமுறை மியாட்டாவில் இது போவது சகஜம். ஸ்லேவை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரும் போகிறது என்று பலர் சொல்லக் கேட்டதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். டாட் 4 பிரேக் திரவம். குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, தம்பி மகன் பெடலில், நான் அடியில். "அழுத்து", "பிடி", "விடு" என்று நாற்பது தடவை சொல்லியிருப்பேன். காற்று வெளியேறும் நிப்பிளை மூடும் முன் அவன் ஒரு தரம் காலை எடுத்துவிட்டான், காற்று திரும்ப உள்ளே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. திரவம் பெயின்ட்டைத் தின்னும். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தேன், இரண்டு சொட்டு பட்டதும் உடனே கழுவினேன்.

இப்போது ரிவர்ஸ் ஒரு விரலில் விழுகிறது.

ஆறாம் வாரம்

பின் கண்ணாடி கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். மஞ்சளித்து மங்கியிருந்ததை பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு மெதுவாகத் தேய்த்தேன். புதிது மாதிரி ஆகவில்லை, ஆனால் பின்னால் வரும் வண்டியின் நிறம் தெரிகிறது. டாப்பை மடக்கும் முன் அந்தப் பிளாஸ்டிக்கின் ஜிப்பைத் திறந்து படுக்க வைப்பதை நான் ஒரு நாளும் விடுவதில்லை. அப்படியே மடக்கினால், அதுவும் குளிரில், மடிப்பில் விரிசல் விழும். ஜிப் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து விட்டேன், இலகுவாக ஓடுகிறது. மாஸ்டாவே 2017-இல் ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக்குப் புதுப்பிக்கும் திட்டம் அறிவித்து, டாப் உட்படச் சில பாகங்களைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு உண்டான தெம்பு கொஞ்சநஞ்சமல்ல. என் டாப்புக்கு இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கும் வலு இருக்கிறது.

கார்ப்பெட்டைப் போடாமல், பவுடர் மட்டும் தூவி, காரை ஓர் இரவு மழையில் விட்டேன். நல்ல மழை. விடிந்ததும் தம்பி மகன்தான் முதலில் கதவைத் திறந்தான்.

இடது பக்கம் தூவியது தூவியபடி கிடந்தது. தூண் அடியில் கையை வைத்தேன், வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தது. வலது பக்கம், டிரைவர் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பவுடரில் நூல் கனத்துக்கு ஒரு கோடு. மேலே டார்ச் அடித்தோம். முன் கண்ணாடியின் மேல் மூலையில், டாப்பின் கொக்கி மாட்டும் இடத்துக்குக் கீழே, ரப்பர் ஓரத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

வாங்கி வைத்த ரப்பர் பெட்டி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. சனிக்கிழமை அந்த மூலையிலிருந்து ஆரம்பிக்கிறோம். இந்த முறை முதலில் பூவாளி, அப்புறம்தான் ரப்பர்.